ஃபாயிடோவில் நீ தேடிய மலை

யாழ்ப்பாணம்

அன்பின் நண்பா,

நீ அனுப்பிய படங்களும் குரல்பதிவும் கிடைத்தன. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதி முடிக்க மனம் வரவில்லை. அதனால்தான் பழையபடி கடிதம். வேலை முடிந்து வந்து ஆறுதலாக வாசி.

முதலில் வீட்டுச் செய்தி. வலது கண்ணில் வெள்ளை எடுத்தாயிற்று. சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது, இடது கண்ணை அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார்கள். இவ்வளவு காலமும் எல்லாவற்றையும் ஒரு பழுப்பு மஞ்சள் கண்ணாடிக்கூடாகத்தான் பார்த்திருக்கிறேன் என்பது இப்போதுதான் விளங்குகிறது. நீலம் நீலமாகத் தெரிகிறது. சனிக்கிழமைகளில் வரும் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுப்பதை இரண்டு கிழமை நிறுத்தி வைத்திருந்தேன், இப்போது மறுபடி தொடங்கியாயிற்று. மகன் தன் டேப்லெட்டை இங்கே விட்டுப் போனான். நியூயோர்க்கில் மோர்கன் நூலக அரும்பொருளகம் இருக்கிறதே, அவர்களுடைய தளத்தில், ஆங்கில ஓவியர் டேர்னர் ஃபாயிடோவை வரைந்த அந்த நீர்வண்ணப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதே நேரம் உன் செய்தி வந்தது.

லுசேர்னில் மகள் வீட்டுக்குப் போய்ப் பெலின்சோனாவுக்குத் திரும்பும்போது வேகவீதியை விட்டு இறங்கி, கோத்தார்ட் கணவாய்க்குத் தெற்கே கீழே இருக்கும் ஃபாயிடோவில் காரை நிறுத்தியிருக்கிறாய். நான் சொன்னேன் என்பதற்காகச் செய்தாய், அதற்கு முதலில் நன்றி. அப்புறம் நீ சொன்னது: "மச்சான், மலை பாதிதான் இருக்கு, ஆத்தில தண்ணியே இல்லை, உன்ர டேர்னர் நல்லாப் புளுகியிருக்கிறார்." அந்தக் குரல்பதிவைப் பல தடவை கேட்டுவிட்டேன். நீ ஏமாந்து போனது எனக்கு விளங்குகிறது. ஆனால் புளுகு என்ற சொல்லை அப்படியே விட்டுவிட என்னால் முடியாது.

உனக்கு முன்னால் இதே ஏமாற்றத்தோடு அங்கே நின்ற ஒருவர் இருக்கிறார். அந்தப் படத்தைக் காசு கொடுத்து வாங்கியவரே அவர்தான். பிறகு பெயர்பெற்ற ஆங்கிலக் கலை விமர்சகர் ஜோன் ரஸ்கின். 1842-இல் டேர்னர் சுவிசில் பயணம் செய்து திரும்பியதும், கையோடு கொண்டுவந்த கோடுகளிலிருந்து சிறிய வண்ண மாதிரிகள் தயாரித்தார். அவருடைய தரகர் கிரிஃபித் அவற்றை வாங்கக்கூடியவர்களிடம் காட்டுவார். எந்த மாதிரி பிடிக்கிறதோ அதை டேர்னர் பெரிதாக, முழுமையாக வரைந்து கொடுப்பார். 1843-இல் அப்படிக் கேட்டு முன்வந்தவர்கள் மன்றோ என்பவரும் ரஸ்கினும்தான். டேர்னருக்கு அப்போது 68 வயது. அவருடைய கடைசிக்காலப் பாணி பலருக்கும் பிடிபடவில்லை. ரஸ்கினுக்கு 24 வயது, செலவு செய்தது வைன் வியாபாரியான தகப்பன். வாங்கியவை இரண்டு. ஒன்று கோல்டாவ். ரயிலில் லுசேர்ன் பக்கம் போகும்போது ஆர்த் கோல்டாவ் நிலையத்தைத் தாண்டுவாயே, அந்த ஊர்தான். 1806-இல் மலை சரிந்து 457 பேரைப் புதைத்த இடம். மற்றது ஃபாயிடோ இடுக்கு.

இரண்டு வருடம் கழித்து, 1845 ஆகஸ்டில், ரஸ்கின் தாய் தகப்பன் இல்லாமல் முதன்முதலாகத் தனியே போன பயணத்தில் ஃபாயிடோவில் தங்கினார். படத்தில் இருக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். கல் இருக்கிறது, வீதி இருக்கிறது, பாலம் இருக்கிறது. மலைகளோ டேர்னர் கீறியவற்றுக்குப் பக்கத்தில் குள்ளமாக, சோகையாகத் தெரிகின்றன என்று தகப்பனுக்கு எழுதினார். பார்த்தாயா, நீ சொன்னதையேதான் அவரும் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் அதோடு விட்டுவிடவில்லை. அங்கேயே தங்கி, அந்த இடத்தைத் தன் கையாலேயே உள்ளது உள்ளபடி கீறினார். 1856-இல் வந்த 'நவீன ஓவியர்கள்' என்ற தன் புத்தகத்தின் நாலாவது பாகத்தில் இரண்டு அச்சுப்படங்களை அடுத்தடுத்துப் போட்டார். ஒன்று இடம் இருக்கிறபடி, மற்றது டேர்னர் கண்டபடி. தான் உயிராக மதிக்கும் ஓவியர் எங்கெங்கே மாற்றினார் என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளியில் வைக்கிற நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

என்னென்ன மாற்றங்கள்? மலைகளை உயர்த்தியது ஒன்று. பள்ளத்தில் நின்ற சில மரங்கள் கற்களின் குணத்துக்கு ஒத்துவராதவை, அவை போய்விட்டன. முன்னால் ஒரு மெல்லிய பாலம் இருந்தது. இவ்வளவு மூர்க்கமான ஆற்றின் மேல் இவ்வளவு ஒல்லியான பாலம் நின்றால் ஆற்றின் மூர்க்கத்தை யார் நம்புவார்கள்? அதை எடுத்துவிட்டு, ஆறு சற்று அடங்கியிருக்கக்கூடிய தூரத்தில் இருந்த பாலத்தை மட்டும் வைத்துக்கொண்டார். வலது பக்கம் கரைக்கு மேலே போகும் வீதியைத் தாங்கும் கல்வளைவுகள் நிஜத்தில் அவ்வளவு உயரம் இல்லை. டேர்னர் அவற்றை உயர்த்தி, கரையைச் செங்குத்தாக்கிவிட்டார். இதில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது: அந்த உயரமான வளைவுகள் கணவாயின் மேற்பகுதியில் அவர் பார்த்தவற்றின் நினைவு என்கிறார் ரஸ்கின். அதாவது மேலே, காலையில் கண்டது. கீழே, பின்னேரம் வந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஏன் என்று அவர் சொல்லும் காரணத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். ஃபாயிடோவை மட்டும் தனியாக வெட்டி எடுத்துப் பார்த்தால் அங்கே பெரிதாக ஒன்றுமில்லை, அதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அன்றைக்கு அங்கே வந்து சேர்ந்தவன் எப்படி வந்தான்? காலையிலிருந்து கோத்தார்டின் உச்சிகளைப் பார்த்துப் பார்த்து இறங்கினான். நாள் முழுக்க இந்த ஆற்றின் ஓரமாகவே வந்தான். ஆல்ப்ஸ் மலையிலேயே மிக ஒடுக்கமான இடுக்குகளில் ஒன்றை அப்போதுதான் கடந்து வெளியே வந்தான். அவன் கண்ணுக்கு அந்தக் கற்கள் வெறும் கற்கள் அல்ல, காலையிலிருந்து கூடவே இரைந்து வந்த ஆற்றின் கோபம் கொண்டுவந்து போட்டவை. பின்னால் தெரிகிற இடுக்கு அவ்வளவு பயங்கரமாக இல்லாவிட்டாலும், மேலே கடந்து வந்ததன் பயம் அதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வடக்கே கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் பெரிய மலைகளின் பலம் இந்தச் சின்ன மலைகளுக்குள்ளும் இருப்பதாக அவன் உணர்கிறான். இருக்கிறதை மட்டும் அப்படியே வரைந்து கொடுத்தால், படத்தைப் பார்க்கிறவனுக்கு இதில் ஒன்றுமே கிடைக்காது. டேர்னர் வரைந்தது ஒரு இடத்தை அல்ல, அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததை.

நீ எப்படி வந்தாய், சொல்லு பார்க்கலாம். கோஷெனனில் கோத்தார்ட் சுரங்கத்தின் வாய்க்குள் புகுந்து கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர் மஞ்சள் விளக்குக்குக் கீழே, மணிக்கு 80-இல், முன்னால் போகும் லொறியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு. ஆயிரோலோவில் வெளியே வந்து அரைமணி நேரத்துக்குள் ஃபாயிடோ. 2016-இல் திறந்த 57 கிலோமீட்டர் சுரங்கத்தில் ரயிலில் வந்திருந்தால் இன்னும் மோசம். ஃபாயிடோவுக்கு அடியால் போய், போடியோவில் வெளிச்சத்தைக் கண்டிருப்பாய். உன் கண்ணில் குற்றமில்லை. உன் கண்ணுக்கு முன்னால் எதுவும் வரவில்லை, அவ்வளவுதான்.

தண்ணீர் விஷயத்தில் டேர்னரைக் குறை சொல்லவே முடியாது. 1930களில் மேலே ரோடியில் அணை கட்டி, திச்சினோ ஆற்றைக் குழாய்க்குள் இறக்கி லாவோர்கோ மின்நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஃபாயிடோவுக்கு மேலே உள்ள பியோத்தினோ இடுக்கில் ஓட வேண்டிய தண்ணீரில் பெரும்பகுதி மலைக்குள் ஓடுகிறது. உன் வீட்டு விளக்கில்கூட அதில் கொஞ்சம் எரியலாம். 1842-இல் டேர்னர் நின்றபோது அணையும் இல்லை, 1882-இல் வந்த ரயில்பாதையும் இல்லை. குதிரை வண்டி போகக்கூடிய வீதி கணவாய் முழுக்கத் திறந்ததே 1830-இல்தான்.

இனி அந்தப் படத்துக்குள் கொஞ்சம் வா. அளவு பெரிதில்லை, சுமார் 47 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம். பள்ளிக்கூடத்தில் நாம் பாவித்த பெரிய சித்திரத்தாள் அளவுகூட வராது. அதற்குள் அந்த முழு இடுக்கும் அடங்கியிருக்கிறது. படத்தின் கீழ்ப்பாதி முழுக்கக் கல்லும் தண்ணீரும். எது கல், எது தண்ணீர் என்று பிரிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன. மஞ்சள் காவி, சாம்பல், ஈரத்தில் கறுத்த பழுப்பு, இடைக்கிடை நீலம். அந்த நீலத்தைத்தான் கண் சுகமானபிறகு புதிதாகக் கண்டேன். நிழலில் கிடக்கும் கற்களெல்லாம் சாம்பல் என்று நினைத்திருந்தேன். அவற்றுக்குள் நீலம் ஊறிக் கிடக்கிறது.

நுரையைப் பார். நீர்வண்ணத்தில் வெள்ளைக்குத் தாளின் வெள்ளையைத்தான் நம்ப வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நோகிறது. பெரும்பாலும் வெள்ளை வேண்டிய இடத்தை முன்கூட்டியே விட்டுவைப்போம். டேர்னர் அதற்கு மேலே ஒன்று செய்வார். வண்ணம் பூசிக் காய்ந்தபிறகு அதைச் சுரண்டி எடுத்துத் தாளின் உட்பக்க வெள்ளையை வெளியே கொண்டுவருவார். பெரிதாக்கிப் பார்த்தால் அந்தச் சுரண்டல் தெரிகிறது. மெல்லிய கீறல்கள், ஒரு திசையில் ஓடி, கல்லில் மோதுகிற இடத்தில் திடீரென்று மாறுகின்றன. தண்ணீர் போகிற வேகத்திலேயே கை போயிருக்கிறது. அவர் கட்டைவிரல் நகத்தையே அதற்கென்று நீளமாக வளர்த்து வைத்திருந்தார். 1818-இல் ஃபார்ன்லி என்ற ஊரில் ஒரு நண்பர் வீட்டில் போர்க்கப்பல் படமொன்றை அந்த நகத்தால் கிழித்துக் கிழித்துக் கடலாக்கியதைப் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இந்த மாதிரிப் படங்களின் மூலத்தை நேரில் காண்பது லேசான காரியமில்லை. வெளிச்சம் பட்டால் நீர்வண்ணம் மங்கிவிடும். எடின்பரோவின் தேசிய ஓவியக்கூடத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. வோகன் என்பவர் டேர்னரின் 38 நீர்வண்ணங்களை உயிலில் எழுதிவைத்துப் போகும்போது, வருடத்தில் வெளிச்சம் மிகக் குறைந்த ஜனவரியில் மட்டுமே காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். இன்றைக்கும் ஜனவரியில்தான் காட்டுகிறார்கள். அந்த மனிதரை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

சரி, டேர்னரின் படத்தில் இருக்கும் வண்டிக்கு வருவோம். வலது பக்கம் வீதி திரும்புகிற இடத்தில் குட்டிக் குதிரைகளோடு ஒரு பயணிகள் வண்டி. முதல் பார்வையில் கண்ணில் படாது. சூரிச் அரும்பொருளகத்தில் உள்ள, சுவிஸ் ஓவியர் கோலரின் 1873-ஆம் ஆண்டுத் தைலவண்ணப் படத்தை நீ எத்தனையோ இடத்தில் பார்த்திருப்பாய், தபால் வண்டியின் குதிரைகள் ஒரு கன்றுக்குட்டியைத் துரத்திக்கொண்டு வருமே, அது. அதில் வண்டிதான் படம். இங்கே வண்டி தூரிகை நுனியால் தொட்ட நாலைந்து பொட்டு. ஆனால் அந்த ஆற்றுக்கும் மலைக்கும் உயிர்நாடியே அந்த வண்டிதான் என்கிறார் ரஸ்கின். அதை எடுத்துவிட்டால் மலையும் ஆறும் தங்கள் பாட்டுக்கு இருக்கும், நாம் அங்கே போக மாட்டோம். விரல் வைத்து அந்த வண்டியை மறைத்துப் பார். நான் பார்த்தேன். படம் சட்டென்று யாருமில்லாத வீடு போலாகிவிடுகிறது.

ஒரு இடத்தில் மட்டும் ரஸ்கினோடு எனக்கு உடன்பாடில்லை. டேர்னர் இதையெல்லாம் யோசித்துச் செய்யவில்லை, யோசித்திருந்தால் பிழையாகிப் போயிருக்கும், கனவு வருவதுபோல அவருக்குள் தானாக வந்தது என்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் சித்திரம் படிப்பித்தவனுக்கு அதை ஏற்க முடியாது. ஒரு பாலத்தை எடுப்பதா விடுவதா என்பதை முடிவெடுக்காமல் எடுக்க முடியாது. முடிவு கெதியாக வருகிறது, அவ்வளவுதான். அந்தக் கெதி நாற்பது வருடப் பழக்கத்தில் வந்தது. ஏனென்றால் டேர்னர் கோத்தார்ட் பக்கம் வந்தது அது முதல் தடவை இல்லை. 1802-இல், பிரான்சோடு நடந்த போர் சற்று ஓய்ந்திருந்த நேரம், வண்டி வீதி இல்லாத காலத்தில், கோவேறு கழுதைப் பாதையில், கணவாய்க்கு வடக்கே இருக்கும் பிசாசுப் பாலத்தடிக்கு வந்திருக்கிறார். அதை வைத்து 1804-இல் ஒரு பெரிய நீர்வண்ணம் கீறினார், ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். பாறைச் சுவரும், அதை ஒட்டிப் போகும் ஒடுங்கிய பாதையும், அதில் கழுதைகளும், கீழே அதலபாதாளமும். பார்த்தாலே தலை சுற்றும். 29 வயதில் அவர் பயங்கரத்தையே நேரே கொண்டுவந்து முன்னால் வைத்தார். 68 வயதில் பயங்கரமெல்லாம் முடிந்து கீழே இறங்கிய ஒரு சாதாரண இடத்தை எடுத்து, மேலே நடந்த அவ்வளவையும் அதற்குள் வைத்தார். இரண்டாவதுதான் கஷ்டமானது. எனக்கு அதுவே பெரியதாகவும் படுகிறது.

ஃபாயிடோப் படத்தைப் பற்றி டேர்னர் தன் வாயால் பேசியது கொஞ்சம்தான். தான் காட்ட முயன்ற அந்தக் கல்லுக் குப்பை என்று ரஸ்கினிடம் குறிப்பிட்டிருக்கிறார். மலையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இப்போது உன் சாட்சியையே உனக்கு எதிராகக் கொண்டுவரப் போகிறேன், கோபிக்காதே. நீ சுவிசுக்குப் போன புதிதில், ஒரு ஆடி மாதம், உன் உணவகத்து முதலாளி உன்னைத் தன் வண்டியில் ஏற்றி, சுரங்கத்தை விட்டுக் கணவாய் வழியாகக் கூட்டிப் போனாரே, அதைப் பற்றி நீ எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. அலுமாரியில் கிடந்ததை நேற்று எடுத்து வாசித்தேன். கணவாயிலிருந்து ஆயிரோலோவுக்கு இறங்கும் ட்ரெமோலாவின் 24 வளைவுகளையும், கருங்கல் பதித்த வீதியையும், உன் வயிறு பட்ட பாட்டையும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அதற்குப் பிறகு ஆயிரோலோவில் இறங்கித் தேத்தண்ணி குடித்தது பற்றி ஒரு வரி: "தலைக்கு மேல மலை கவிழ்ந்து நிக்குது, கோப்பையைப் பிடிக்கக் கை நடுங்குது." உன் படங்களில் ஆயிரோலோவும் இருக்கிறது, நானும் பார்த்தேன். அகலமான பள்ளத்தாக்கு. அங்கே தலைக்கு மேல் ஒன்றும் கவிழ்ந்து நிற்கவில்லை. நீ எழுதியது மேலே பார்த்ததை. கை நடுங்கியது கீழே. அதைப் புளுகு என்று நான் அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. அந்த வரியால்தான் நீ எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய் என்பது எனக்கு உறைத்தது. வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவர் பாதியில் எழும்பிப் போய்விட்டார்.

எனக்கு ஒன்று செய். கோடை முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு இன்னொரு தடவை போ. சுரங்கம் வேண்டாம். கோஷெனனிலிருந்து ஆண்டர்மாட் வழியாகக் கணவாய் ஏறு, 2106 மீட்டர். ஆண்டர்மாட்டுக்கு முன்னால் வரும் பிசாசுப் பாலத்தடியில் ஐந்து நிமிடம் நில். பழைய ட்ரெமோலா வீதியால் இறங்கு. வேகவீதியைத் தொடாமல் பழைய வீதியிலேயே ரோடி வரை வா. அங்கே டாட்சியோ கிராண்டே என்று ஒரு பெரிய கல் வீடு இருக்கிறது. 1561-இல் ஊரி மாநிலத்தார் கட்டிய சுங்கச்சாவடி. கோத்தார்ட் வழியாகப் போன சாமான் எல்லாம் அங்கே வரி கட்டித்தான் போக வேண்டும். அங்கே காரை விட்டுவிட்டுப் பியோத்தினோ இடுக்கின் பழைய பாதையில் நடந்து இறங்கு, இப்போது நடக்கிறவர்களுக்காகத் திருத்தி வைத்திருக்கிறார்கள். தங்கச்சிக்கு முழங்கால் நோ என்றால் அவ காரைக் கொண்டு ஃபாயிடோவுக்கு வரட்டும். நீ நடந்துதான் வர வேண்டும், அதுவும் மேலிருந்து கீழே. கீழிருந்து ஏறினால் கணக்கில் வராது. இடுக்கை விட்டு வெளியே வந்ததும் திரும்பி வடக்கே பார்.

படம் எடுக்காதே. வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கழித்து, ஞாபகத்தில் இருப்பதை ஒரு கொப்பியில் பென்சிலால் கீறி எனக்கு அனுப்பு. வகுப்பில் என்னைவிட நீதான் வடிவாகக் கீறினாய், வாத்தியார் உன் கொப்பியைத்தான் எல்லோருக்கும் தூக்கிக் காட்டுவார். அந்தக் கை எங்கே போகப் போகிறது. மலை எவ்வளவு உயரம் வருகிறது என்று நான் இங்கே அளந்து பார்க்கிறேன். உன் பெலின்சோனாவையும் டேர்னர் கீறியிருக்கிறார், கோட்டைகளோடு. லொகார்னோ வீதியிலிருந்து பார்த்த ஒன்று ஸ்கொட்லாந்தில் அபர்டீனில் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், இதுவே நீண்டுவிட்டது.

மகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் என் அன்பைச் சொல். பேரன் தமிழ் வகுப்புக்குப் போகிறானா? நீ ஓய்வு எடுப்பது இந்த வருடமா அடுத்த வருடமா என்று முடிவாகிவிட்டதா? தங்கையின் மருமகன் ஐப்பசியில் சூரிச் வருகிறார். அவரிடம் பனாட்டும் ஒடியலும் கொடுத்துவிடுகிறேன். பெலின்சோனா வரை அவர் வர மாட்டார், நீதான் போய் வாங்க வேண்டும். அவருடைய தொலைபேசி இலக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்